துரையின் கடிதமும் கூலியின் துண்டும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெய்லர் என்ற பெயர் கொண்ட இரண்டு சிறுவர்கள் பிரிட்டனிலிருந்து கப்பலேறினார்கள். ஒருவர் லிவர்பூலில் பிறந்த பிலிப் மெடோஸ் டெய்லர். 1824இல், பதினைந்து வயதில், ஒரு வணிகரிடம் வேலை பார்க்க பம்பாய் வந்தார். அந்த வேலை கைகூடவில்லை. ஹைதராபாத் நிஜாமின் படையில் சேர்ந்தார். இன்னொருவர் ஜேம்ஸ் டெய்லர். ஸ்காட்லாந்தின் கின்கார்டின்ஷயர் பகுதியில் 1835இல், சக்கரம் செய்யும் தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1852 பிப்ரவரியில், பதினேழு வயது நிறையுமுன், காப்பித் தோட்டத்தில் உதவி மேற்பார்வையாளர் வேலைக்காகக் கொழும்பில் வந்து இறங்கினார். இருவரும் வந்த நாட்டிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார்கள். இருவரும் ஊருக்கு விடாமல் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்களும் அழியாமல் நம் காலம்வரை வந்துவிட்டன.

ஹைதராபாத் டெய்லரைப் பற்றித் தெரிந்துகொள்வது எளிது. தக்காணத்துச் சிற்றரசான சோராப்பூரை 1841 முதல் 1853 வரை நிர்வகித்தவர். வழிப்போக்கரைக் கொன்று கொள்ளையடித்த தக்கர்களைப் பற்றி 1839இல் அவர் எழுதிய நாவல் இங்கிலாந்தில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. லண்டன் டைம்ஸ் இதழுக்கு இந்தியச் செய்திகள் அனுப்பினார். உறவினரும் நண்பருமான ஹென்றி ரீவுக்கு அவர் எழுதிய கடிதங்களை பாட்ரிக் கடெல் தொகுத்து 1947இல் ஆக்ஸ்போர்டு பதிப்பகம் வெளியிட்டது. ஆனால் அவர் நிர்வாகி, குடியானவர் அல்ல. நிஜாமின் நாட்டில் நிலம் ஜாகீர்தார்கள், தேஷ்முக்குகள், ரயத்துகள் கையில் இருந்தது. வெள்ளையர் அங்கே படை அதிகாரிகளாகவும் ரெசிடென்சி அலுவலர்களாகவும் வட்டிக்கடை முதலாளிகளாகவும் வந்தார்களே தவிர, காடு வெட்டிப் பயிரிட்டு நிலைபெற்றவர்கள் என்ற வகையில் ஒரு சமூகமாக உருவாகவில்லை. அப்படிப்பட்டவர்களைத் தேடுவதென்றால் மலை ஏற வேண்டும்: ஏற்காடு, நீலகிரி, குடகு, அவற்றைக் காட்டிலும் பெரிய அளவில் இலங்கையின் கண்டிச் சீமை.

அந்த மலையில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து, சொந்த ஊருக்கு ஒருமுறைகூடத் திரும்பாமல் இறந்தவர் ஜேம்ஸ் டெய்லர். இலங்கைத் தேயிலையின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் அவரைச் சொல்கின்றன. வீட்டாருக்கு அவர் எழுதிய கடிதங்கள் எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அவற்றை முதன்மைச் சான்றாகக் கொண்டு ஏஞ்சலா மெக்கார்த்தியும் டாம் டெவைனும் எழுதிய ஆய்வு நூல் 2017இல் வந்தது. தமிழர்களாகிய நாம் இந்தக் கடிதங்களைப் படிக்கக் காரணம் டெய்லர் அல்ல. அவர் வெட்டச் சொன்ன காட்டை வெட்டியவர்கள், நடச் சொன்ன செடியை நட்டவர்கள், 1867இல் அவர் தொடங்கிய முதல் பத்தொன்பது ஏக்கர் தேயிலையில் கொழுந்து கிள்ளியவர்கள் நம்மவர்கள். தோட்ட வாழ்க்கை அவர்களுக்கும் அவருக்கும் பொதுவானது. அந்த வாழ்க்கையைப் பற்றிய காகிதம் ஒரு பக்கத்தில் மட்டும் தங்கிய கதைதான் இக்கட்டுரை.

முதலில் கடிதம் எப்படிச் சாத்தியமானது என்று பார்க்க வேண்டும். சக்கரத் தச்சரின் மகனுக்கு எழுத்தறிவு எங்கிருந்து வந்தது? ஸ்காட்லாந்தில் பாரிஷ் பள்ளிகள் ஏழை வீட்டுப் பிள்ளைகளையும் எழுதப் படிக்க வைத்திருந்தன. ஒன்பது வயதில் தாயை இழந்த ஜேம்ஸ், பள்ளியில் ஆசிரியருக்குத் துணையாக மாணவ ஆசிரியர் வேலையும் பார்த்தவர். இரண்டாவது காரணம் தபால். 1840இல் பிரிட்டனில் தொடங்கிய பென்னி அஞ்சல், கடிதத்தைப் பெரிய மனிதர் விவகாரம் என்ற நிலையிலிருந்து இறக்கி உழைப்பாளி வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கும்வரை இலங்கைக் கடிதம் போன வழி நெடியது: தோட்டத்துத் தபால்காரன் கால்நடையாகக் கண்டி வரை, அங்கிருந்து வண்டியில் கடற்கரை, காலியில் நீராவிக் கப்பல், சூயஸில் இறங்கி எகிப்து நிலத்தைக் கடந்து அலெக்சாண்ட்ரியா, மறுபடியும் கப்பல். மூன்றாவது காரணத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வந்த கடிதத்தைப் பத்திரப்படுத்த நிரந்தரமான ஒரு வீடு வேண்டும். டெய்லரின் தந்தைக்கு அது இருந்தது. பள்ளி, தபால், பெட்டி வைக்க ஓர் அலமாரி என்ற இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் ஓர் எளிய மனிதனின் கடிதம் ஆவணமாகிறது.

டெய்லர் ஆண்டுக்கு நூறு பவுண்டு சம்பளத்தில் மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டு வந்தார். சில வாரங்கள் நாரங்ஹேன தோட்டத்தில் வேலை பழகிவிட்டு, ஹேவாஹெட்டைப் பகுதியில் ஏறக்குறைய ஐயாயிரம் அடி உயரத்திலுள்ள லூல்கந்துர தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார். இளமைக் காலக் கடிதங்களில் நாம் பார்ப்பது ‘முன்னோடி’ அல்ல. மரக்கட்டைகளால் ஆன குடிலில், வாரக்கணக்கில் வேறு வெள்ளைக்காரர் முகம் பார்க்காமல் இருக்கும் ஒரு பையன். ஊர்ச் செய்தி கேட்கிறான். காப்பி விலை, சம்பளம், நோய், மழை என்று எழுதுகிறான். நான் இந்தக் கடிதங்களை மதிக்கிறேன். காலனிய அதிகாரிகளின் அறிக்கைகளில் இல்லாத ஒன்று இவற்றில் இருக்கிறது: தந்தைக்கு எழுதும் மகன் தன்னைப் பெரிய மனிதனாகக் காட்டிக்கொள்ள வேண்டிய தேவை குறைவு. தோட்டத்தில் எல்லாம் சீராக நடந்தன என்று கவர்னருக்கு எழுதியவர்கள் பலர். தனிமையும் அச்சமும் கடனும் பற்றி எழுதியவர்கள் சிலர்.

ஆனால் அந்தப் பையன் உண்மையில் தனியாக இல்லை. அவன் குடிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் இருந்தன. விடியுமுன் தப்படித்து எழுப்பப்பட்டு, ஆட்கணக்கு எடுக்கும் பிரட்டுக் களத்தில் வரிசையாக நின்று, ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணியின் பின்னால் மலைக்குப் போன நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தார்கள். கடிதங்களில் அவர்கள் பெரும்பாலும் பன்மையாகவே வருகிறார்கள். ‘கூலிகள்’ வந்தார்கள், ‘கூலிகள்’ போய்விட்டார்கள், ‘கூலிகள்’ போதவில்லை. இதை டெய்லர் என்ற தனிமனிதரின் கல்நெஞ்சாகப் பார்ப்பது சரியான வாசிப்பாகாது. தோட்ட முறை முழுவதுமே ஆட்களைத் தொகையாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. புதிதாக வரும் உதவி மேற்பார்வையாளர்களான சின்னத்துரைகளுக்காகக் கொழும்பில் அச்சான தமிழ்க் கையேடு ஒன்றின் தலைப்பு ‘இங்கே வா’ என்பது. அழைப்பதும் ஏவுவதும் கண்டிப்பதும்தான் அந்தத் தமிழ். உன் ஊர் எது, உன் வீட்டில் யார் யார் என்று கேட்பதற்கான பாடத்துக்கு அங்கே வேலையில்லை.

அந்த ஆட்கள் எப்படி வந்தார்கள் என்பதற்கும் கடிதச் சான்று கிடையாது. ஜார்ஜ் பேர்ட் 1823இல் கம்பளை அருகே சின்னப்பிட்டியில் காப்பித் தோட்டம் போட்ட காலம் தொட்டு, திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். இராமநாதபுரக் கடற்கரையில் தோணி ஏறி மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டுப் பாதையில் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். குடிக்கத் தண்ணீரில்லாத காடு, காலரா, காய்ச்சல். 1840களில் எழுபதாயிரம் பேர் இறந்திருப்பார்கள் என்று கொழும்பு அப்சர்வர் இதழ் 1849இல் எழுதியது. அந்த எண்ணைப் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே சர்ச்சை இருக்கிறது. பாதையோரத்தில் ஏராளமானவர்கள் செத்தார்கள் என்பதில் சர்ச்சை இல்லை. ஓர் எண்ணைப் பற்றி இன்றும் வாதிட வேண்டியிருப்பதற்குக் காரணம், செத்தவர்களை யாரும் பெயர் சொல்லி எழுதி வைக்காததுதான்.

அவர்கள் ஊருக்கு ஏன் கடிதம் எழுதவில்லை என்று கேட்கலாம். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரில் பள்ளிக்கூடம் இருந்தாலும் அவர்களுக்கு அதன் திண்ணையில் இடம் கிடையாது. அந்தக் குற்றம் வெள்ளைக்காரத் துரையுடையது அல்ல, நம்முடையது. இதை மழுப்பிவிட்டு இலங்கைத் தோட்டச் சீமையான மலையகத்துச் சோகத்தைப் பேசுவது நேர்மையாகாது. செய்தி வாய்வழியாகப் போனது. கங்காணி ஆள் பிடிக்க ஊருக்கு வரும்போது சொல்வார். அவர் சொன்னது எத்தனை தூரம் உண்மை என்பது அவருக்குக் கிடைக்கும் தலைக்காசைப் பொறுத்தது.

தொழிலாளியின் பெயர் ஏறிய காகிதங்கள் மூன்று வகை. முதலாவது செக்ரோல். கணக்கப்பிள்ளை அன்றாடம் எழுதும் பதிவேடு அது. ஆள் பெயர், எந்த மலை, என்ன வேலை. மலையகத்துப் பேச்சில் ஒருநாள் கூலிக்குப் ‘பேர்’ என்றே பெயர். நிறுவையில் கொழுந்து குறைந்தாலோ வேலை முடியாவிட்டாலோ ‘அரைப்பேர்’ போடுவார்கள். இரண்டாவது பற்றுக் கணக்கு: வரும் வழிச் செலவு, அரிசி, கம்பளி எல்லாம் முன்பணமாகக் கங்காணியின் பேரேட்டில் ஏறி, சம்பளத்தில் கழியும், கழிந்தும் தீராது. மூன்றாவது துண்டு. ஒரு தோட்டத்து ஆட்கள் இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அவர்கள் மீதுள்ள கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சிறு காகிதம். அதைக் கையில் வைத்துக்கொண்டு கங்காணிகள் தோட்டம் தோட்டமாகப் பேரம் பேசினார்கள்; கடன் கைமாறும்தோறும் பெருத்தது. 1921இல்தான் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள். டெய்லரின் கையெழுத்தில் இரண்டு வகைக் காகிதம் போயிருக்க வேண்டும் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். ஒன்று தந்தைக்கு, மற்றது தன் ஆட்களுக்காக அடுத்த தோட்டத்துத் துரைக்கு. முதலாவது எடின்பரோ நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. இரண்டாவது கடன் தீர்ந்த அன்றே பயனற்றுப் போகும் காகிதம்.

ஆட்கணக்குக் காகிதம் என்றால் அது குப்பை என்று எண்ண வேண்டியதில்லை. ஹைதராபாத் தார்நாகாவில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் ஷாஜகான், ஔரங்கசீப் காலத்து மொகலாயத் தாள்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி ‘அர்ஸ்-ஓ-செஹ்ரா’ எனப்படும் படை ஆள் பதிவுகள். சிப்பாயின் பெயர், தந்தை பெயர், முகத்தில் என்ன வடு, எங்கே மச்சம், அவன் குதிரையின் நிறம், சூட்டுக்குறி என்று ஒவ்வொரு தாளிலும் எழுதியிருக்கிறார்கள். சம்பளம் வாங்க ஒரே ஆள் இரண்டு முறை வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதியவை. முந்நூறு ஆண்டு கழித்து, சாதாரணப் படைவீரன் எங்கிருந்து வந்தான், எந்த இனத்தான் என்பதை அறிய அதைவிட நல்ல சான்று கிடையாது. செக்ரோலும் அதே இயல்புடையது. தக்காணத்துச் சிப்பாயின் வடுவைப் பாதுகாக்க ஒரு காப்பகம் இருக்கிறது. மலையகத்துச் செக்ரோல்கள் தோட்டத்து ஸ்டோரின் மூலையில் கறையான் தின்னக் கிடந்தன. 

டெய்லரின் தொழிலுக்குத் திரும்புவோம், ஏனென்றால் இந்தக் காகிதக் கதையின் திருப்பம் அங்கேதான் இருக்கிறது. காப்பி பழம் பறிக்கும் காலத்துக்கு மட்டும் ஆள் கேட்கும் பயிர். ‘கோப்பிக் கால’த்தில் வந்தவர்களில் ஆண்களே மிகுதி. ஆண்டின் பிற்பகுதியில் பழம் பறித்து முடித்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். அறுவடைக்கு ஊரில் இருக்க வேண்டும். 1860களில் டெய்லர் முதலில் சிங்கோனா மரம் வளர்த்தார். பேராதனைத் தாவரவியல் தோட்டத்திலிருந்து தேயிலை விதை வாங்கித் தோட்டப் பாதையோரத்தில் நட்டுப் பார்த்தார். 1867இல் அஸ்ஸாம் வகைத் தேயிலையை ஏழாம் நம்பர் மலையில் பத்தொன்பது ஏக்கரில் நட்டார். கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் ஓடத் தொடங்கிய ஆண்டும் அதுவே. இரண்டாண்டு கழித்து, 1869இல், காப்பி இலைகளில் துருப்போன்ற பூஞ்சை நோய் தென்பட்டது. உச்சத்தில் ஏறக்குறைய 2,75,000 ஏக்கராக இருந்த காப்பி பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சரிந்தது. நோயை ஆராய மார்ஷல் வார்டு என்ற இளம் தாவரவியலாளர் 1880இல் வந்து இரண்டாண்டு தங்கி, பூஞ்சையின் வாழ்க்கைச் சுழற்சியைக் கண்டறிந்தார். காப்பியைக் காப்பாற்ற அது உதவவில்லை. மற்றத் தோட்டக்காரர்கள் திவாலாகிக் கப்பலேறியபோது, டெய்லரின் தேயிலை அவர்களுக்கு ஒரு மாற்று வழியாக நின்றது.

அவருடைய முதல் தேயிலை உற்பத்தி எப்படி நடந்தது என்பதை அண்டைத் தோட்டக்காரர் ஒருவர் நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார். தொழிற்சாலை என்று தனியாக ஒன்றும் கிடையாது. பங்களா வராந்தாவில் மேசைகள் போட்டு, வாடவைத்த கொழுந்தை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கையால் அழுத்தி உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரியைக் கனலவிட்டு, மேலே கம்பித் தட்டுகளில் இலையைப் பரப்பி வறுத்தார்கள். கிடைத்த தேயிலை அருமையாக இருந்தது. பவுண்டு ஒன்றரை ரூபாய்க்கு அக்கம்பக்கத்தில் விற்றது. 1872இல் உருட்டும் இயந்திரத்தோடு தேயிலைக் கூடம் வந்தது. 1873இல் இருபத்து மூன்று பவுண்டு தேயிலை லண்டனுக்குப் போனது. 1874இல் டெய்லர் எடுத்த ஒரே நீண்ட விடுமுறையிலும் அவர் போன இடம் டார்ஜிலிங், தேயிலைத் தொழிலைப் பார்த்துவர. இந்த விவரங்களில் எனக்கு அந்த வராந்தாதான் முக்கியம். அங்கே மேசைமுன் நின்று முழங்கை நோக உருட்டியவர்கள் யார்? எழுதிய அண்டைத் தோட்டக்காரருக்கு அவர்கள் பெயர் தெரிந்திருக்காது. டெய்லருக்குத் தெரிந்திருக்கும். செக்ரோலில் அன்றைக்கு அவர்களுக்குப் பேர் விழுந்திருக்கும். இலங்கைத் தேயிலையின் முதல் கைகள் அவை.

தேயிலை வந்ததும் ஆள் தேவை மாறியது. கொழுந்து ஆண்டு முழுவதும் வரும். சில நாளுக்கொருமுறை அதே செடிக்குத் திரும்பிப் போக வேண்டும். கொழுந்து கிள்ளப் பெண்கள் வேண்டும், கவ்வாத்து வெட்டவும் முள்ளுக் குத்தவும் ஆண்கள் வேண்டும், சிறுவர்களுக்கும் வேலை உண்டு. குடும்பம் குடும்பமாக ஆள் கேட்டது புதிய பயிர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் ஹைதராபாத் நாட்டையும் சுருட்டிய தாது வருஷப் பஞ்சம் அந்தக் குடும்பங்களைக் கிராமங்களிலிருந்து பெயர்த்துக் கொடுத்தது. போய்வருபவர்களாக இருந்தவர்கள் லயத்தில் பிறந்து லயத்தில் மணந்து லயத்தில் இறப்பவர்களானார்கள். 1890களில் தேயிலை மூன்று லட்சம் ஏக்கரைத் தாண்டியது. டெய்லரின் பத்தொன்பது ஏக்கர் ஒரு நாட்டின் ஏற்றுமதியை மாற்றியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது ஒரு மக்கள் கூட்டத்தையே நிலைகொள்ள வைத்தது என்பதை அதே அழுத்தத்தோடு எழுத வேண்டும். குடியேறி உழுதவர் என்ற சொல் டெய்லருக்குப் பொருந்தும் என்றால் அவர்களுக்கும் பொருந்தும். அவருக்குக் கிடைத்தது முன்னோடி என்ற பட்டம். அவர்களுக்கு நேர்ந்ததைப் பின்னால் சொல்கிறேன்.

டெய்லரின் முடிவு கசப்பானது. தோட்டக்காரர் சங்கம் 1891இல் அவருக்கு வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்கள் பரிசளித்தது. அடுத்த ஆண்டே தோட்டத்தின் உரிமை நிறுவனம் சம்பளமில்லாத ஆறு மாத விடுப்பில் போகச் சொன்னது, அவர் மறுத்தார், வேலையிலிருந்து விலகச் சொன்னார்கள். லூல்கந்துரவை விட்டு இறங்கும் முன்பே, 1892 மே 2ஆம் தேதி, வயிற்றுக்கடுப்பில் இறந்தார். வயது ஐம்பத்தேழு. நாற்பது ஆண்டு தாமே வளர்த்த தோட்டத்தில் அவருக்கு ஓர் அங்குல நிலம் சொந்தமில்லை. பன்னிரண்டு பன்னிரண்டு பேராக இரண்டு குழுக்கள், நான்கு மைலுக்கு ஒருமுறை தோள் மாற்றி, சவப்பெட்டியைக் கண்டி மகாய்யாவ கல்லறைத் தோட்டத்துக்குச் சுமந்தன. கங்காணிகளும் தொழிலாளர்களும் பின்னால் நடந்தார்கள். அவரைச் சாமித் துரை என்று அழைத்தார்கள் என்கிறது தோட்டக்காரர் மரபுவழிச் செய்தி. அன்பாலும் அழைத்திருக்கலாம், அச்சத்தாலும் அழைத்திருக்கலாம். நடந்தவர்களில் ஒருவரும் எழுதி வைக்காததால் அவர்கள் மனத்தில் இருந்ததைத் துரைமார் சொல்லித்தான் கேட்கிறோம். அவருடைய பிடிவாதத்தின் மீதும் அவர் அடைந்த அவமானத்தின் மீதும் எனக்கு இரக்கம் உண்டு. அந்த இரக்கம் எனக்கு வரக் காரணமே அவர் காகிதங்கள் இருப்பதுதான் என்பதையும் மறக்க முடியாது.

காகிதம் இல்லாததன் விலை ஐம்பத்தாறு ஆண்டு கழித்துத் தெரிந்தது. இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தால் போதாது. தகப்பன் அங்கே பிறந்தவன், அல்லது பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். பழைய பிறப்புகள் பதிவாகாமலே போன லயத்துக் குடும்பம் எதைக் காட்டும்? ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1949இல் வந்த இன்னொரு சட்டம் வழி திறப்பதுபோல் திறந்து, மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் 1946க்கு முன் இடைவிடாமல் வசித்ததை நிரூபிக்கச் சொன்னது. ஏறக்குறைய எட்டு லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறக்குறைய 1,34,000 பேருக்குக் கிடைத்தது. ஒரு மலையில் மூன்று தலைமுறை கொழுந்து எடுத்தவள் அங்கே வாழ்ந்ததற்குச் சான்று அந்தத் தோட்டத்துச் செக்ரோலில்தான் இருந்தது. செக்ரோல் துரையின் அலுவலகத்தில் இருந்தது.

பிறகு 1964இல் இந்த மக்களைப் பிரித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்கப்பட்டு 1974இல் பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். இந்தப் பிரிப்பில்தான் மலையகத்து மக்கள் முதன்முதலாகப் பெருமளவில் காகிதம் உள்ளவர்களானார்கள். கடவுச்சீட்டு, இந்தியாவில் வந்து இறங்கியவர்களுக்கான மண்டபம் முகாமின் குடும்ப அட்டை, கடன் ஆணை, வேலை ஒதுக்கீட்டுத் தாள். கடிதமும் வந்தது. தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் 1984இல் நிற்கும்வரை ஆட்களும், அதன் பின்னரும் தபாலும், இரண்டு கரைக்கும் இடையே போய்வந்தன. கோத்தகிரி, கூடலூர்த் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களும் ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தங்கிவிட்டவர்களும் எழுதிக்கொண்ட கடிதங்கள் அவை. தங்கை பேறுகாலம், அப்பன் சாவு, சேர்த்துவைத்த சேமநிதிப் பணம் வந்ததா இல்லையா, இந்தப் பக்கத்துக் குளிர் அந்தப் பக்கத்துக் குளிர்போல் இருக்கிறதா. ஜேம்ஸ் டெய்லர் தந்தைக்கு எழுதியதும் இதே மாதிரிச் செய்திகள்தான். அந்தக் கடிதங்களுக்கு இரண்டு பேராசிரியர்களும் ஒரு தேசிய நூலகமும் கிடைத்தார்கள்.

நிலைமை முற்றிலும் இருண்டதில்லை. கம்பளை அருகே பழைய பீக்காக் தோட்டத்தில், லயக் கட்டடத்திலேயே 2007இல் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் தொடங்கப்பட்டன. இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்மியப்படுத்தும் நூலக நிறுவனம் மலையகத்து வெளியீடுகளையும் சேர்த்து வருகிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தனியார் வீடுகளில் தேங்கிய தமிழ்க் காகிதங்களைக் காத்த அனுபவம் உடையது. மலையகம் 200 என்ற பெயரில் 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் மறுபடி நடந்தார்கள். அந்த நடையில் இளைஞர்கள் பாட்டன் பெயரையும் ஊரையும் விசாரிக்கத் தொடங்கியது நல்ல அறிகுறி. ஆனால் டெய்லருக்குக் கண்டி ஹந்தானை அருங்காட்சியகத்தில் கிடைக்கும் இடத்துக்கும், பேர் விழுந்த ஆட்களுக்குக் கிடைக்கும் இடத்துக்கும் இன்னமும் தூரம் அதிகம். ஆராய்ச்சியாளர்கள் பிரிட்டிஷ் ஆவணங்களையே திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். அவை ஒழுங்காக அடுக்கி, எண் போட்டு, கேட்டவுடன் கிடைப்பதால் படிக்கிறார்கள். குறை அவர்களுடையது மட்டுமல்ல. நாம் அடுக்கி வைக்கவில்லை.

ஆகவே இதைப் படிக்கிறவர்களில் மலையகத்து வேர் உள்ளவர்கள், தாயகம் திரும்பிய குடும்பத்தில் பிறந்தவர்கள், அவர்களுக்கு அண்டை அயலாக நீலகிரியிலோ திருச்சியிலோ மண்டபத்திலோ வாழ்பவர்கள் எல்லோரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டுப் பரணில் தகரப் பெட்டியில் கிடக்கும் பழைய சம்பளச் சீட்டு, அரிசி அட்டை, கடவுச்சீட்டு, துண்டு, கடிதம் எதையும் எடைக்குப் போடாதீர்கள். இரண்டு பக்கத்தையும் படமெடுங்கள். யார் யாருக்கு எழுதியது, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், அப்போது வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதைப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டுத் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். மூலத்தை நீங்களே வைத்துக்கொண்டு, நகலையாவது மேலே சொன்ன காப்பகங்களில் ஒன்றுக்குக் கொடுங்கள். கடவுச்சீட்டோடு வந்த முதல் தலைமுறையில் பலருக்கு எண்பது வயது கடந்துவிட்டது.